நாட்காட்டித் தாளும் நாமும்

காரிமங்கலத்தில் நம்மவர் வீடுகளுள் பெரும்பாலானவற்றில் கூடத்துச் சுவரில் ஒரு தினசரி நாட்காட்டி தொங்கும். மளிகைக் கடைக்காரரோ ஜவுளிக் கடைக்காரரோ ஆண்டுத் தொடக்கத்தில் அன்பளிப்பாகத் தந்ததாக அஃது இருக்கும். சுபுஹுத் தொழுகை முடித்து வருபவர் முந்தைய நாளின் தாளைக் கிழித்துப் போடுவார். அந்தக் கையகலத் தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, பிறைக் கணக்கு, இராகு காலம், எமகண்டம், சூலம், ஒரு பொன்மொழி என எத்தனையோ செய்திகள் நெருக்கியடித்துக் கொண்டிருக்கும். தாளின் அடியில் அன்றைய சிறப்பு என்று ஒரு வரியும் இருக்கும். இன்னார் பிறந்த நாள், இன்னார் மறைந்த நாள் என்று கூறும் அந்த அடிவரியைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

பிள்ளைகள் அவ்வரியைப் படித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துப் பாராட்டுப் பெறுகின்றனர். அதனை நாம் குறை கூறவில்லை. எனினும், ஒரே தேதியில் பெரிய நிகழ்ச்சிகள் பல ஒன்றுகூடும்போது, அந்தத் தேதிக்கே தனியாக ஏதோ ஓர் ஆற்றல் உண்டு போலும் என்னும் எண்ணம் இளம் உள்ளங்களில் புகுந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் நம் மகள் வயிற்றுப் பேரன், அன்றைய செய்திகளையெல்லாம் அடுக்கிக் கூறிவிட்டு, “நன்னா, இது நல்ல நாளா, கெட்ட நாளா?” என்று கேட்டான். குழந்தையின் கேள்விதான். ஆனால் நம் சமுதாயத்தில் பெரியவர்கள் பலரும் வாய்விட்டுக் கேளாமல் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுவே அன்றோ?

அன்று செவ்வாய்க்கிழமை. காரிமங்கலத்தில் செவ்வாய் என்றால் வாரச்சந்தை. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த இவ்வூரில், சந்தை நாளில் ஆடுகளுக்கும் காய்கறிகளுக்கும் விலை பேசும் குரல்களே எங்கும் ஒலிக்கும். தேதியின் சிறப்பை எண்ணிப் பார்க்க எவருக்கும் ஓய்விராது. ஆயினும் அந்தச் செவ்வாய்க்கிழமையில் இரண்டு நூற்றாண்டுக் கணக்குகள் ஒருங்கே நிறைவுற்றன. வாஸ்கோடகாமா கொச்சியில் உயிர் நீத்து அன்றோடு 500 ஆண்டுகள். இசைச் செல்வர் முகம்மது ரஃபி பிறந்து அன்றோடு 100 ஆண்டுகள். ஒருவர் இந்தியாவில் இறந்த வெளிநாட்டார். மற்றவர் இந்தியா முழுவதும் தன் வீட்டுக் குரலாகக் கொண்டாடிய ஒரு முஸ்லிம். இருவரையும் ஒரே தாளில் சேர்த்து வைத்தது எது? தற்செயல் என்பதன்றி வேறு விடை இல்லை.

முதலில் வாஸ்கோடகாமாவை எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர் என்று பாடநூல்களில் அவரைப் படித்தோம். அரபு வணிகரும் நம் மரக்காயர்களும் அவருக்கு முன்னரே தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய கடல்தான் அது. ஆப்பிரிக்கக் கரையின் மாலிந்தியில் ஏறிக்கொண்ட ஒரு வழிகாட்டியின் துணையோடுதான் 1498 மே மாதத்தில் அவர் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். 1502இல் அவர் மீண்டும் வந்தபோது பெரும் படைக்கலங்களோடு வந்தார். அவ்வாண்டில், புனித ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ‘மீரி’ என்னும் கப்பலை மலபார்க் கரைக்கு அருகே அவருடைய படை வளைத்துக்கொண்டது. பொருள்களைப் பறித்த பின்னர், ஆண், பெண், குழந்தைகள் அனைவரும் உள்ளிருக்கவே கப்பலுக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளிருந்தோர் தீயை அணைத்தனர்; போராடினர். தாய்மார்கள் தம் பொன்னணிகளைக் கழற்றிக் காட்டியும், கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டியும் இரக்கம் வேண்டினர். இரக்கம் கிட்டவில்லை. அந்தக் கடற்படையிலேயே பயணம் செய்த தோமே லோப்பஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதி வைத்த குறிப்பே இக்கொடுமைக்குச் சான்றாகும். பகைவர் தரப்பிலிருந்தே கிடைத்த சான்றாதலால் இதனை மிகையென்று தள்ளுவதற்கில்லை.

பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் அரபு மொழியில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் நூல், 1498 முதல் 1583 வரை போர்த்துகீசியரால் மலபார் முஸ்லிம்கள் பட்ட இன்னல்களை வரலாறாகப் பதிவு செய்துள்ளது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வாஸ்கோடகாமா இறந்த நாள் எது என்பது ஐயத்திற்கு இடமின்றி நம் கையில் இருக்கிறது. மீரிக் கப்பல் எரிந்த நாளைக் குறிப்பதில் நூல்கள் ஒன்றுபடவில்லை. சில செப்டம்பர் இறுதி என்கின்றன, சில அக்டோபர் தொடக்கம் என்கின்றன. மாண்டோர் எத்தனை பேர் என்பதிலும் கணக்குகள் வேறுபடுகின்றன. கொன்றவருக்குத் தேதி இருக்கிறது. கொல்லப்பட்ட ஹாஜிகளுக்குத் தேதி இல்லை. நாட்காட்டியின் அடிவரி யாருக்காக எழுதப்படுகிறது என்னும் ஐயம் நமக்கு எழுவது இங்கேதான்.

இனி மற்றொரு வேடிக்கையும் உண்டு. வாஸ்கோடகாமா இறந்த டிசம்பர் 24, ரஃபி பிறந்த டிசம்பர் 24 ஆகிய இரண்டும் உண்மையில் ஒரே நாள் அல்ல. 1524இல் ஐரோப்பா முழுவதும் ஜூலியன் கணக்கையே பின்பற்றி வந்தது. அக்கணக்கு சூரியனின் ஓட்டத்தோடு பொருந்தாமல் மெல்ல மெல்லப் பின்தங்கியதால், 1582இல் போப் கிரிகோரி அதனைத் திருத்தினார். அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாளை அக்டோபர் 15 என்று கொள்ளும்படி ஆணையிட்டார். இடையிலிருந்த 10 தேதிகள் அப்படியே மறைந்தன. அத்திருத்தத்தின்படி கணக்கிட்டால், வாஸ்கோடகாமா இறந்தது 1525 ஜனவரி 3ஆம் நாளாகும். எனவே அவருடைய டிசம்பர் 24 வேறு, நம் காலத்து டிசம்பர் 24 வேறு. எண் ஒன்றாயிருப்பதால் நாளும் ஒன்றாகிவிடாது.

நம் பிறைக் கணக்கிலோ டிசம்பர் 24 என்னும் நிலையான இடமே கிடையாது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறுகியது. ஆதலால் 2000ஆம் ஆண்டில் ரமலானின் கடைசிப் பத்தில் வந்த அதே தேதி, 2024இல் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் வந்தது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் அது பன்னிரண்டு மாதங்களையும் சுற்றி வந்துவிடும். தமிழ்க் கணக்கில் அது மார்கழியின் ஒன்பதாம் நாளையொட்டி வருகிறது. ஒரே விடியலுக்கு மூன்று பெயர்கள், பெயரிட்டவர்கள் மனிதர்கள்.

இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, அதே தேதியில் நிகழ்ந்த வேறு சிலவற்றையும் பார்ப்போம். 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோ நகரத்து இசை நாடக அரங்கில் இத்தாலிய இசைமேதை வெர்டியின் ‘ஐடா’ முதன்முறையாக அரங்கேறியது. எகிப்தை ஆண்ட கெதீவ் இஸ்மாயீலின் விருப்பத்துக்கிணங்க உருவானது அந்த இசை நாடகம். ஆடை அணிகளும் அரங்கத் திரைகளும் பாரிசில் தயாராயின. பிரஷ்யப் படைகள் பாரிசை முற்றுகையிட்டதால் அவை அங்கேயே சிக்கிக்கொள்ள, அரங்கேற்றம் தள்ளிப் போயிற்று. உலக இசை வரலாற்றில் புகழ்பெற்ற அந்த நிகழ்ச்சி ஒரு முஸ்லிம் மண்ணில் நடந்தது என்று பெருமைப்படலாம். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அரண்மனைகளும் அரங்குகளும் புதிய வீதிகளும் கடன் வாங்கிக் கட்டப்பட்டவை. 1875இல் சூயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளையே அவர் பிரிட்டனுக்கு 40 இலட்சம் பவுனுக்கு விற்க நேர்ந்தது. 1879இல் அவர் பதவியிழந்தார். 1882இல் பிரிட்டிஷ் படை எகிப்தில் இறங்கியது. அந்த அரங்கமும் 1971இல் தீக்கிரையாயிற்று. கடன் வாங்கித் திருமணப் பந்தல் போட்டு, ஊர் வியக்க விருந்து வைத்து, பின்னர்ப் பூர்வீக மனையை விற்கும் குடும்பங்களை நம்மூர்ப் பக்கத்திலும் காண்கிறோம். அளவில் பெரியது சிறியது என்பதன்றி இரண்டும் ஒரே கதைதான்.

ரஃபியின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது. 1924 டிசம்பர் 24 அன்று பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் உள்ள கோட்லா சுல்தான் சிங் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தெருவில் பாடிச் செல்லும் ஒரு பக்கீரின் பின்னாலேயே நடந்து அவருடைய பாட்டைப் பழகிக்கொண்டதாக அவருடைய இளமை பற்றிக் கூறுவர். இந்தித் திரைப்பாடல்களில் ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் அவர் குரல் ஒலித்தது. 1967இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980 ஜூலை 31 அன்று, ரமலான் மாதத்தில், 55ஆம் வயதில் காலமானார். அக்காலத்தில் இலங்கை வானொலியின் இந்திச் சேவை வழியாக அக்குரல் நம் தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது. இந்தி அறியாதவர்களும் பொருள் புரியாமலே கேட்டு உருகினார்கள்.

அவர் பாடியவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. 1952இல் வெளிவந்த ‘பைஜு பாவ்ரா’ என்னும் படத்தில் இந்துப் பெருமக்களின் பக்திப் பாடல் ஒன்று உண்டு. இன்றளவும் கோவில் விழாக்களில் அது ஒலிக்கிறது. அதனை எழுதியவர் ஷகீல் பதாயூனி. இசையமைத்தவர் நௌஷாத். பாடியவர் முகம்மது ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். நாட்டுப் பிரிவினையின் புண் ஆறாத ஐந்தாண்டுகளுக்குள் இது நிகழ்ந்தது. திரைப்படப் பாட்டைப் பற்றி நம் ஆலிம்கள் சொல்வதை நாம் அறிவோம்; அவ்விவாதத்தை இங்குக் கிளறப் போவதில்லை. ஆனால் தம் தொழிலை நேர்மையாகச் செய்தவர்களின் உழைப்பு, பிறர் நெஞ்சிலிருந்த பகையைத் தணிக்க உதவியது என்பதை மறுக்க இயலுமா?

நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1973 டிசம்பர் 24 அன்று வேலூர் மருத்துவமனையில் தந்தை பெரியார் தம் 94ஆம் வயதில் மறைந்தார். அதற்கு ஐந்து நாள்கள் முன்னர், 19ஆம் தேதி, சென்னைத் தியாகராய நகரில் மேடையேறிப் பேசியவர் அவர். கடவுள் கொள்கையில் அவருக்கும் நமக்கும் இடையே கடலளவு தொலைவு உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆயினும் தீண்டாமை என்னும் இழிவைத் துடைக்க இஸ்லாம் ஒரு மருந்து என்று தமிழ்நாட்டு மேடைகளில் துணிந்து கூறியவர் அவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் விழாக்களிலும் வந்து பேசியிருக்கிறார். கொள்கையில் உடன்படாதவரிடத்தும் நன்றியுணர்வு கொள்ளலாம் என்பதை நம் முன்னோர் அவரிடம் நடந்துகொண்ட முறையிலிருந்து கற்கிறோம்.

சரியாக 14 ஆண்டுகள் கழித்து, 1987 டிசம்பர் 24 அன்று அதிகாலையில், அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.இராமச்சந்திரன் சென்னையில் காலமானார். அவர் நடித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுவே. அதனைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்றுதான். ஆகவே அப்படம் வந்த நாளில் காரிமங்கலமும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊரே. நம் மாவட்டத்தில் உருவான படம் என்று இவ்வூர்ப் பெரியவர்கள் அதனைச் சொல்லிக்கொண்டதில் வியப்பில்லை. பாக்தாது நகரமும் தலைப்பாகையும் முகத்திரையும் திரையில் தோன்றியது நம்மவர்க்குத் தனியொரு மகிழ்ச்சியைத் தந்தது. அப்படத்தில் அறிவும் துணிவும் மிக்க மார்ஜியானாவாக நடித்தவர் பி.பானுமதி. அவர் 2005இல் காலமானார். தேதி என்ன தெரியுமா? அதுவும் டிசம்பர் 24. அலிபாபாவும் மார்ஜியானாவும் 18 ஆண்டு இடைவெளியில் ஒரே தேதியில் உலகை விட்டு நீங்கினர்.

இதைச் சொன்னதும் கேட்பவர் கண்கள் விரியும். “பார்த்தீர்களா, ஏதோ இருக்கிறது” என்பார்கள். ஓராண்டில் தேதிகள் 366க்கு மேல் இல்லை. புகழ்பெற்று இறந்தோரோ எண்ணிலடங்காதோர். ஒவ்வொரு தேதியிலும் பலர் வந்து சேரத்தான் செய்வார்கள். கூட்டம் மிகுந்த பேருந்தில் நம் பக்கத்தில் ஒருவர் நிற்பதால் அவர் நம் உறவினர் ஆகிவிடுவதில்லை.

எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி பரவியபோது தமிழ்நாட்டில் கடைகள் உடைக்கப்பட்டன, பொருள்கள் சூறையாடப்பட்டன. ஏழைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சத்துணவு தந்த தலைவருக்காக மக்கள் அழுதது இயல்பு. ஆனால் துயரம் தாளாமல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் பலர். அவர்களுடைய தாய்மாரையும் பிள்ளைகளையும் எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. ஒரு மனிதர் மறைந்ததால் உலகமே இருண்டுவிட்டதாக எண்ணும் அந்த மனநிலையைத்தான் நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே திருத்திவிட்டது.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம், பால்குடிப் பருவத்திலேயே இறையடி சேர்ந்தார். முதுமையில் பிறந்த மகன். பெருமானாரின் கண்கள் நீர் சொரிந்தன. அதே நாளில் சூரிய கிரகணம் உண்டாயிற்று. மதீனத்து மக்கள் அதனைக் கண்டு, நபிமகனாரின் மறைவால்தான் சூரியன் இருண்டது என்று பேசலாயினர். வேறு எந்தத் தலைவராயினும் அப்பேச்சைக் கேட்டு மௌனமாக இருந்திருப்பார். மௌனமாக இருந்தாலே போதும், அவர் புகழ் பன்மடங்கு உயர்ந்திருக்கும். ஆனால் அண்ணலார் தொழுகை நடத்திவிட்டு மக்களை நோக்கி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் சான்றுகள் என்றும், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை இருள்வதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். மகனை மண்ணில் வைத்த அதே நாளில், அந்தத் துயரத்தின் நடுவிலும், ஒரு மூடநம்பிக்கையை வளரவிடாமல் தடுத்தார்கள். நம் பேரனுக்கு நாம் அளித்த விடையும் அந்த நிகழ்ச்சிதான். நாள் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. அதில் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி என்றோம்.

நம் ஹிஜ்ரி நாட்காட்டி தோன்றிய வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒரு கடன் பத்திரம் வந்தது. ஷஃபான் மாதத்தில் தரவேண்டியது என்று அதில் எழுதியிருந்தது. எந்த ஷஃபான், சென்றதா, நடப்பதா, வருவதா என்று உமர் அவர்கள் கேட்டார்கள். ஆண்டுக் கணக்கு இல்லாததால் விளைந்த அக்குழப்பம் தீர, தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தை எதிலிருந்து எண்ணுவது? பெருமானாரின் பிறப்பிலிருந்தா, மறைவிலிருந்தா என்றெல்லாம் கருத்துகள் வந்தன. இறுதியில் அவர்கள் தேர்ந்தது மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்தை. பிறப்பு நம் கையில் இல்லை. இறப்பும் நம் கையில் இல்லை. வீட்டையும் உறவையும் துறந்து, கொள்கைக்காகப் புறப்பட்டுச் சென்ற செயல் ஒன்றே மனிதர் முயன்று செய்தது. அச்செயலிலிருந்தே முஸ்லிம்களின் காலக் கணக்குத் தொடங்குகிறது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு மீண்டும் டிசம்பர் 24ஐப் பார்த்தால், அடிவரியில் அவ்வளவாக எடுபடாத ஒரு செய்தி பெரிதாகத் தோன்றுகிறது. 1986இல் அந்நாளில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதனால் இந்தியாவில் அந்நாள் தேசிய நுகர்வோர் நாளாக அமைந்தது. பிற்பாடு 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு அதன் இடத்தைப் பெற்றது. யாரும் பிறந்ததுமில்லை, யாரும் இறந்ததுமில்லை. கலப்படப் பொருளையும் குறைந்த எடையையும் பெற்று ஏமாந்த எளியவர் ஒருவர் நியாயம் கேட்க ஒரு வழி பிறந்தது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்கே ‘அல்முதஃப்ஃபிஃபீன்’, அதாவது அளவு நிறுவையில் மோசடி செய்வோர், என்று பெயர். பிறரிடம் வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு என்று அது எச்சரிக்கிறது. நம் சந்தைகளிலும் கடைவீதிகளிலும் தராசு பிடிக்கும் கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. அந்த நாளை நினைவுகூர வேண்டுமெனில் தராசைச் சரிபார்ப்பதைவிடச் சிறந்த விழா வேறில்லை.

இன்னொன்றையும் கூறி முடிக்கலாம். 1968 டிசம்பர் 24 அன்று மனிதர் மூவர் அப்பல்லோ 8 கலத்தில் முதன்முறையாக நிலவைச் சுற்றி வந்தனர். நிலவின் விளிம்புக்கு மேலே நம் பூமி நீலமாய் எழுவதைப் படம் பிடித்தனர். எல்லைகளும் சாதிகளும் இல்லாத ஒரே உருண்டை என்று உலகமே அப்படத்தைக் கண்டு வியந்தது. மறுநாள் இரவு, 25ஆம் தேதி, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அவ்வூரில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் அங்குக் கூடுகின்றனர். அதற்குக் காரணம், அவர்களை மறக்க மாட்டோம் என்று முயன்று நின்ற மக்கள் இருந்தமையே. மீரிக் கப்பலின் ஹாஜிகளுக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

இந்தக் குறை தொலைவில் மட்டும் இல்லை. நம் வீடுகளிலும் இருக்கிறது. நடிகர்களின் பிறந்தநாளைச் சொல்லும் நம் பிள்ளைகளிடம் தம் பாட்டனார் மறைந்த ஆண்டைக் கேட்டுப் பாருங்கள். நம் அத்தாவின் தாயார் மௌத்தான நாளை நம் குடும்பத்தில் “ரஜபுப் பிறை பதினைந்து, சந்தை நாள்” என்றே சொல்லி வந்தனர். எந்த ரஜபு? உமர் (ரலி) அவர்கள் கேட்ட அதே கேள்வி நம் வீட்டிலும் நிற்கிறது. சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குச் சென்றுவிட்டனர்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு குறிப்பேடு வாங்கி வையுங்கள். பிறப்பு, இறப்பு, நிக்காஹ் ஆகியவற்றைப் பிறைத் தேதியும் ஆங்கிலத் தேதியும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். அத்துடன் நின்றுவிடாதீர்கள். உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் சென்ற பெண் யார், அவர் எந்த ஆண்டு சென்றார்? பஞ்ச காலத்தில் தம் கிணற்றைத் தெருவுக்குத் திறந்துவிட்டவர் யார்? பத்திரமில்லாக் கடனை மறுக்காமல் திருப்பித் தந்தவர் யார்? அவற்றையும் எழுதுங்கள். நாளைக் கொண்டாடுவதற்காக அல்ல. செய்தவரை அறிந்துகொண்டு, நம் பிள்ளைகளும் அவ்வாறு செய்வதற்காக.

மீரிக் கப்பலில் தம் குழந்தையைத் தூக்கிக் காட்டிய அந்தத் தாயின் பெயரை இனி எவராலும் எழுத இயலாது. அல்லாஹ்வின் பதிவேட்டில் அது இருக்கிறது. அவ்வளவில் நாம் அமைதி கொள்கிறோம். நம் கைக்கெட்டும் பெயர்களையேனும் எழுதாமல் விட நமக்கு உரிமை இல்லை. அந்தப் பணிக்கு அவன் நமக்கு அவகாசம் தருவானாக! ஆமீன்.